சாமி, பசியாறியாச்சா?



வழக்கமா இந்தப் பக்கத்துல நாங்க போடுறது அன்னதான உபயப் பட்டியல், காய்கறி நறுக்க ஆள் வேணும், இரவல் போன பெரிய அண்டா திரும்பி வரலை, இந்த மாதிரி விசயங்கள்தான். இன்னைக்கு ஒரு தப்பை ஒப்புக்கொள்ள எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. இதுல வர்ற குருக்கள்கிட்ட அனுமதி கேட்டுத்தான் எழுதுறோம். "என் பேர் மட்டும் வேண்டாம், மத்தது எல்லாம் எழுதுங்க, இன்னொருத்தருக்கு உதவும்"னு அவரே சொன்னார்.

போன வருசம் ஆனி மாதம் நம்ம கோவிலுக்கு ஒரு இளம் குருக்கள் வந்தார். ஊர் காரைக்குடி பக்கம். வயது 26. விமானம் ஏறினதே அதுதான் முதல் தடவை. பெட்டியில பாதி இடம் பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், வத்தல். அம்மா கட்டிக் கொடுத்தது. கோவிலுக்குப் பின்னாடி உள்ள அறையில தங்க வைச்சோம். சின்ன அடுப்பு, ஒரு குக்கர், ஒரு குளிர்பெட்டி. "எதுவும் வேணும்னா கேளுங்க சாமி"ன்னு சொல்லிட்டு வந்துட்டோம். எங்க கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டோம்.

அர்ச்சனை சுத்தமா பண்ணுவார். குரல் நல்லா இருக்கும். பக்தர்களுக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு. ஆனா அன்னதானத்துல மட்டும் அவரைப் பார்க்க முடியாது. தட்டுல போட்டுக் கொடுத்தா, "அப்புறம் சாப்பிடுறேன்"னு அறைக்கு எடுத்துட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில பசியாற மீகூன் பிரட்டி வைப்போம் இல்லையா, அதைத் தொடவே மாட்டார். எங்கள்ல சிலர் முணுமுணுத்தோம். "ரொம்ப ஆசாரம் போல." "நம்ம கைச்சாப்பாடு இவங்களுக்கு ஆகாது போல." இதையும் மறைக்காமச் சொல்லிடுறோம்.

மூணாவது ஆடி வெள்ளி. அன்னைக்குக் கூட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ராத்திரி பூசை முடிஞ்சு, தீபாராதனைத் தட்டைக் கீழே வைச்சவர் அப்படியே படியில உட்கார்ந்துட்டார். எழுந்திருக்க முடியலை. கை நடுங்குது, முகம் வெளுத்துப் போச்சு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் அம்மா சோதிச்சுப் பார்த்துட்டு, பக்கத்துல நின்ன எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இவரு என்ன சாப்பிடுறாரு?"

எங்களுக்குப் பதில் தெரியலை.

அவரே மெதுவாச் சொன்னார். காலையில வாழைப்பழம், பால். மத்தியானம் சாதத்துல பருப்புப் பொடி. பொடி தீர்ந்து பத்து நாள் ஆச்சு. அதுக்கப்புறம் வெறும் தயிர் சாதம். ராத்திரி மறுபடி வாழைப்பழம். ஆடி மாதம் அம்மனுக்கு ஊத்தின கேழ்வரகுக் கூழ் இருக்கே, வாரத்துல அது ஒண்ணுதான் வயிறு நிறையக் குடிச்சதாம். ஏன்னா அது ஒண்ணுதான் என்னன்னு அவருக்குத் தெரிஞ்ச சாப்பாடு.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வர்ற எல்லாருக்கும் சோறு போடுறோம்னு நாம பெருமைப்படுறோம். அந்தச் சோற்றை சாமிக்குக் காட்டி நைவேத்தியம் பண்ணிக் கொடுத்தவர் நம்ம கண்ணு முன்னாடியே பட்டினி.

மறுநாள் கஞ்சி வைச்சுக் கொடுத்துட்டு உட்கார்ந்து பேசினோம். "ஏன் சாமி, எங்ககிட்ட கேட்டிருக்கலாமே?"

"எப்படிண்ணே கேட்கிறது? இது என்னன்னு கேட்டா, நீங்க போடுற சாப்பாட்டை நான் சந்தேகப்படுறேன்னு ஆகிடுமே."

ஒவ்வொண்ணாச் சொன்னார். மீகூன்ல கறுப்பா எதையோ ஊத்துறோம், அது என்ன சாறுன்னு தெரியலை. அது கிச்சாப், சோயா அவரையும் கோதுமையும் புளிக்க வைச்சு எடுக்கிறதுன்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்னதானத்துல வைக்கிற சைவ ஆட்டுக்கறிப் பிரட்டல் வேற. "அண்ணே, முதல் நாள் ஒரு துண்டு வாயில வைச்சேன். நார் நாரா வருது. கோவில்ல போய் இப்படியான்னு துப்பிட்டு வாய் கொப்பளிச்சேன். அன்னைக்கு ராத்திரி தூங்கலை." சோயாவும் கோதுமைச் சத்தும் சேர்த்துச் செய்யறதுன்னு நாங்க சொன்னதும், "அப்போ அதை ஏன் ஆட்டுக்கறின்னு கூப்பிடுறீங்க?"ன்னு கேட்டார். அதுக்கும் எங்ககிட்ட நல்ல பதில் இல்லை.

சைவ நாசி லெமாக் கூட அவருக்குப் பயம். தேங்காய்ப்பால் சோறுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் வெளியே கடையில நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சவர், உள்ளே நெத்திலியும் முட்டையும் இருந்ததைப் பார்த்து மூடி வைச்சுட்டு வந்திருக்கார். அன்னையிலிருந்து அந்தப் பேரைக் கேட்டாலே ஒதுங்கிடுவார்.

லிட்டில் இந்தியா நம்ம கோவில்ல இருந்து நடந்து போற தூரம். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், அப்பளம் எல்லாம் அங்கே குவிஞ்சு கிடக்கு. ஒரு நாள் கூட நாங்க அவரை அங்கே கூட்டிட்டுப் போகலை. "இங்கேதானே இருக்கு, போய் வாங்கிக்குவார்"னு விட்டுட்டோம். எந்தத் தெருவுல திரும்பணும், எந்தக் கடையில எது கிடைக்கும், கடைக்காரர்கிட்ட எந்த மொழியில பேசணும்னு தெரியாத மனுசனுக்குப் பக்கத்துத் தெருவும் தூரம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில நாங்க மூணு பேர் அவரைக் கூட்டிட்டுக் கிளம்பினோம்.

முதல்ல மார்க்கெட் ஸ்திரீட். தமிழ்ப் பாட்டுச் சத்தம், பூக்கடை, மல்லிகை வாசம். சாமி முகத்துல ஒரு வெளிச்சம். ஆனா எதை எடுத்தாலும் விலையைப் பார்த்து, மனசுக்குள்ள ரூபாயில பெருக்கி, திரும்ப வைச்சுடுறார். ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. ஒரு முருங்கைக்காய் விலையை ரூபாய்ல கணக்குப் போட்டா அப்புறம் யாருக்குத் தொண்டையில இறங்கும்? "சாமி, வெள்ளியில சம்பாதிக்கிறீங்க, வெள்ளியில கணக்குப் பாருங்க. பெருக்காதீங்க"ன்னு எங்க அண்ணன் சொன்னார். அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், சாம்பார்ப் பொடி வாங்கினோம்.

அடுத்து பேரங்காடி. அங்கேதான் அவருடைய உண்மையான கஷ்டம் எங்களுக்குப் புரிஞ்சது. ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பி எதையோ தேடுறார். என்னன்னு கேட்டோம். "பச்சைப் புள்ளிண்ணே." இந்தியாவுல பாக்கெட்ல அடைச்ச உணவு எதுவா இருந்தாலும் சைவம்னா பச்சைப் புள்ளி போடணும், அது சட்டம். படிக்கவே தெரியாத பாட்டி கூட அதைப் பார்த்து வாங்கிடுவாங்க. இங்கே அப்படி ஒரு குறி கட்டாயம் இல்லை. ஹலால் முத்திரை இருக்கும். ஆனா அது சைவம்னு அர்த்தம் இல்லை. கோழிக்கும் அதே முத்திரைதான். புள்ளி இல்லாததால பிஸ்கட் கூட வாங்காம இருந்திருக்கார் மனுசன்.

அன்னைக்கே ஒரு அட்டையில எழுதிக் கொடுத்தோம். உங்களுக்கும் பயன்படும்னு இங்கே போடுறோம். பாக்கெட்டின் பின்பக்கம் இந்தச் சொல் இருந்தா வைச்சுடணும்:

தெலோர் – முட்டை
ஆயாம் – கோழி
டாகிங் – இறைச்சி
லெம்பு – மாடு
ஈக்கான் – மீன். ஈக்கான் பிலிஸ் – நெத்திலி
ஊடாங் – இறால்
பெலாச்சான் – இறால் கூனியை அரைச்சு உலர்த்தினது. பல சம்பால்ல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது
சோஸ் தீராம் – சிப்பிச் சாறு. வெளியே கீரை பிரட்டினா பெரும்பாலும் இதை ஊத்துவாங்க
ஜெலத்தின் – மாடு, மீன் இதுகள்ல இருந்து எடுக்கிறது. மிட்டாய்ல இருக்கும்

மஞ்சள் மீயில முட்டை சேர்க்கிறது உண்டு, அதையும் கேட்டு வாங்கணும். மீகூன் வெறும் அரிசிதான், நம்ம சேவை மாதிரி. அதைக் கேட்டதும் சாமி சிரிச்சுட்டார். "சேவையா இது! எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தாளிச்சா முடிஞ்சுது. ஒரு மாசமா இதைப் பார்த்து ஓடினேனே!"

கடைசியா சௌராஸ்தா மார்க்கெட். கீரைக்காரம்மாகிட்ட ஒரு கட்டைக் காட்டி, "இது சேக்கூர் மானிஸ், இங்கே மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரும் சமைப்பாங்க"ன்னு சொன்னோம். சாமி ஒரு இலையைக் கிள்ளிக் கையில வைச்சுப் பார்த்தார். "அண்ணே, இது தவசிக்கீரை. எங்க பாட்டி வீட்டுக் கொல்லையில வேலியா நட்டு வைச்சிருந்தாங்க." எங்களுக்கும் ஆச்சரியம். கேரளத்துல இதுக்குச் 'செக்கூர்மானிஸ்'னே பேர் இருக்கு. நம்ம மலாய்ச் சொல்லு கடல் தாண்டிப் போய் அங்கே குடியேறி இருக்கு. மனுசன் மட்டும் இல்லை, கீரையும் பேரோட ஊர் மாறுது. ரெண்டு கட்டு வாங்கினார். அன்னைக்கு மத்தியானம் அவரே பருப்பு போட்டுக் கூட்டு வைச்சு, எங்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்.

எங்க சமையல்கட்டுப் பெரியம்மாவை உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் கேட்டுட்டு அவங்க சொன்னது: "நம்ம எல்லாரும் இப்படி முழிச்சுட்டு நின்னவங்க வீட்டுப் பிள்ளைங்கதான்." அது உண்மைதானே. நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்குல இறங்கின நம்ம தாத்தா பாட்டிங்க, என்ன கிடைக்கும்னு தெரிஞ்சா வந்தாங்க? ஜப்பான்காரன் காலத்துல, 1941 டிசம்பர்ல இருந்து 1945 வரைக்கும், அரிசிக்கு அவ்வளவு பஞ்சம். பெரியம்மாவோட அம்மா மரவள்ளிக்கிழங்கை அவிச்சு, இடிச்சு, ரொட்டியாத் தட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தாங்களாம். அதனால பெரியம்மா வீட்டுல இன்னைக்கும் யாராவது சோறு மிச்சம் வைச்சா அவங்க முகம் மாறிடும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 ஞாபகம் இருக்கா? ஜூலை மாதம் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்திச்சு. இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறினதும் எல்லாரும் 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசியைத் தேடி ஓடினோம். கடையில தட்டு காலி. அன்னதானத்துக்கு மூணு கடை, நாலு கடை ஏறி இறங்கி மூட்டை சேர்த்தோம். அந்த டிசம்பர்ல வெங்காய ஏற்றுமதிக்கும் தடை. அடுத்த வருசம் மே வரைக்கும் அது நீடிச்சது. 2024 தைப்பூசத்துக்கு வெங்காயத்தைக் குறைச்சு, முள்ளங்கியும் சிங்குவாங்கும் கூட்டிப் போட்டுச் சாம்பார் வைச்சோம். "என்ன, இந்த வருசம் சாம்பார் வேற மாதிரி இருக்கு?"ன்னு எத்தனை பேர் கேட்டீங்க! பழகின ஒரு சாமான் இல்லாமப் போனா மனசு எப்படித் தடுமாறுதுன்னு அன்னைக்கு நமக்கே தெரிஞ்சது. ஆனா சாமி விசயத்துல அதை மறந்துட்டோம்.

இப்போ கொழுக்கட்டை கதைக்கு வருவோம். இதைச் சொல்லாம விட்டா சாமியே கோவிச்சுக்குவார்.

ஆவணி வந்தது. விநாயகர் சதுர்த்தி. சாமிக்கு உடம்பு தேறி, தைரியமும் வந்தாச்சு. "மாவு நான் வாங்கிட்டு வர்றேன், நீங்க அலையாதீங்க"ன்னு தனியாக் கடைக்குப் போனார். எங்களுக்குப் பெருமையா இருந்தது. பன்னிரண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தார். தெப்போங்னா மாவு, பெராஸ்னா அரிசின்னு அட்டையில எழுதிக் கொடுத்திருந்தோம். பாக்கெட்ல ரெண்டு சொல்லும் இருந்தது. மூணாவதா 'புலுத்'னு ஒரு சொல் இருந்தது. அது எங்க அட்டையில இல்லை.

புலுத்னா ஒட்டரிசி.

பூரணம் தயார். தேங்காய் துருவி, வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டி வாசம் தூக்குது. பெரியம்மா மாவுல கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கிளறினாங்க. கரண்டி அசையலை. பசை மாதிரி பிடிச்சுக்கிச்சு. ஒருவழியா உருட்டி, ஆவியில வைச்சு எடுத்தா, கொழுக்கட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தட்டையாப் படுத்துக் கிடக்கு. அண்டை வீட்டுக்காரங்க மாதிரி ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் கூட வருது. மணி எட்டாகப் போகுது. பத்து மணிக்குப் பூசை.

சாமி முகத்தைப் பார்க்க முடியலை. பிள்ளையார்பட்டி இருக்கிற பக்கத்துல இருந்து வந்தவர். சதுர்த்திக்கு அங்கே முக்குறுணி அரிசியில அவ்வளவு பெரிய மோதகம் படைப்பாங்க. "என் கையால பிள்ளையாருக்கு இப்படி ஆகிப்போச்சே"ன்னு கண்ணு கலங்கிட்டார்.

பெரியம்மா ஒரு துண்டைப் பிய்ச்சு வாயில போட்டாங்க. மென்னாங்க. திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாங்க. "ஐயோ சாமி, இது கொச்சி!"

கூவே கொச்சி சாப்பிடாதவங்க பினாங்குல யாரு? புலுத் மாவு, உள்ளே தேங்காயும் கூலா மெலாக்காவும், வெளியே வாழை இலை. காலைச் சந்தையில மலாய்க்காரம்மாக்கள் அடுக்கி வைச்சு விக்கிறாங்களே, அதேதான். நம்ம கொழுக்கட்டைக்குக் கூடப் பிறந்ததுன்னே சொல்லலாம். பெரியம்மா உடனே வாழை இலையைக் கிழிச்சு, எண்ணெய் தடவி, மிச்ச மாவைக் கூம்பாச் சுருட்டி மடிச்சு ஆவியில வைக்கச் சொன்னாங்க.

சாமி மட்டும் யோசிச்சார். "பிரசாதமாக் கொடுக்கலாம்மா. ஆனா பிள்ளையாருக்கு நைவேத்தியம் முறைப்படிதான் வைக்கணும்." அதுவும் நியாயம். எங்கள்ல ஒருத்தர் வண்டியை எடுத்துட்டுப் போய் சரியான மாவு ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தார். இருபத்தொரு மோதகம் பிடிச்சு, பத்து மணிக்குப் பூசை நேரத்துக்கு நடந்தது. கொச்சி எல்லாம் பக்தர்களுக்குப் போச்சு. அன்னைக்குக் கோவிலுக்கு வந்த சீன ஆன்டி ஒருத்தங்க இலையைப் பிரிச்சதும் "கொச்சி!"ன்னு கத்தி, ரெண்டாவது கேட்டு வாங்கினாங்க. அது அந்த வருசம் புதுசா வைச்ச ஐட்டம்னு நினைச்சுப் பாராட்டினவங்களுக்கு, உண்மை இதுதான்.

எல்லாம் முடிஞ்சு சமையல்கட்டுல உட்கார்ந்து நாங்களும் ஆளுக்கு ஒண்ணு பிரிச்சோம். சாமி மென்னுகிட்டே சொன்னார்: "எங்க ஊர்ல கல்யாணத்துக்குக் கவுனி அரிசி பண்ணுவாங்க. கறுப்பா, இதே மாதிரி ஒட்டும். பர்மாவுக்குப் போய் வந்த செட்டியார்மாருங்க கொண்டு வந்ததுன்னு சொல்லுவாங்க." எங்களுக்குத் தெரிஞ்ச புலுத் ஹீத்தாம் கஞ்சியும் கறுப்பு ஒட்டரிசிதான். ஆக, ஒட்டரிசி அவருக்குப் புதுசே இல்லை. அந்த மூணாவது சொல்லு மட்டும்தான் புதுசு.

புரட்டாசியில இன்னொண்ணு நடந்தது. நவராத்திரி நடக்கிற அதே நாட்கள்ல பெரும்பாலும் சீனர்களோட ஒன்பது பேரரசர் திருவிழாவும் வரும். அவங்க ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள். ஊரெல்லாம் மஞ்சள் கொடி கட்டி, அந்த நாட்கள்ல விரதம் இருக்கிற சீனவங்க சைவம்தான் சாப்பிடுவாங்க. பூண்டு, வெங்காயம் கூடச் சேர்க்க மாட்டாங்க. சாமியை ஒரு சாயங்காலம் அப்படி ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். ஹொக்கியன்ல 'சியாக் ச்சாய்'னா சைவம் சாப்பிடுறது. சாமி அந்த ஒரு சொல்லைச் சொன்னார். கடைக்காரர் அவர் நெத்தியில இருந்த விபூதியைப் பார்த்து, தலையை ஆட்டி, உட்காரச் சொன்னார். தௌகூவாவும் காளானும் போட்டுப் பிரட்டின மீகூன் வந்தது. மேல கறுப்பாக் கிச்சாப். சாமி ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. தட்டைக் காலி பண்ணிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, நம்ம கோவில்ல வெங்காயம் போடுறோம். இவங்க போடலை. நம்மளைவிட இவங்க ஆசாரம்." நாங்க வாயை மூடிட்டு இருந்தோம்.

இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதுறோம்னா, நம்ம கோவில் பந்தியில இன்னும் சிலர் இப்படி உட்கார்ந்திருக்காங்க. ஊர்ல இருந்து வேலைக்கு வந்த தம்பிங்க, கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க, நாதஸ்வரம், தவில் வாசிக்க வந்தவங்க. தட்டுல பாதியை ஒதுக்கி வைப்பாங்க. நாம பார்த்துட்டு, "திமிரு"ன்னோ "பிடிக்கலை போல"ன்னோ நினைச்சுட்டுப் போயிடுவோம். அவங்களுக்கு அது என்னன்னு தெரியலை, கேட்கக் கூச்சமா இருக்கு, அவ்வளவுதான்.

அதனால சமையல்கட்டுல மூணு மாற்றம் பண்ணியிருக்கோம். ஒண்ணு, அன்னதான மேசையில ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னாடி என்ன பதார்த்தம், எதுல செஞ்சதுன்னு தமிழ்ல எழுதி வைக்கிறோம். 'சைவ ஆட்டுக்கறி'ங்கிற பேரை எடுத்துட்டு 'சோயா பிரட்டல்'னு போட்டாச்சு. ரெண்டு, மேல உள்ள சொல் அட்டையைப் பெரிசா எழுதி அலுவலகத்துல வைச்சிருக்கோம். கேட்டா ஒரு பிரதி தருவோம். 'புலுத்' அதுல சேர்த்தாச்சு! மூணு, மாதத்துல முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோவில் வாசல்ல நிப்போம். புதுசா வந்தவங்க யாராவது இருந்தா அனுப்பி வைங்க. மார்க்கெட் ஸ்திரீட், பேரங்காடி, சௌராஸ்தா, மூணுக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம். கூட வர்றது யார் தெரியுமா? நம்ம சாமிதான். பச்சைப் புள்ளியைத் தேடுற கையை அவர்தான் முதல்ல கண்டுபிடிக்கிறார்.

அவர் வீட்டுக்கு வாரா வாரம் போன் பண்ணுவார். இத்தனை நாளா "நல்லா சாப்பிடுறேம்மா"ன்னு பொய் சொல்லிட்டு இருந்திருக்கார். இப்போ அம்மாவுக்குச் சேக்கூர் மானிஸ் கூட்டு எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் கொடுக்கிறார். அம்மா, "அடேய், அது தவசிக்கீரைடா, எனக்கேவா?"ன்னு திட்டினாங்களாம்.

அடுத்த வெள்ளி கோவிலுக்கு வரும்போது பந்தியில உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. நம்ம ஊர்ல காலையில ஒருத்தரைப் பார்த்தா முதல்ல கேட்கிறது "பசியாறியாச்சா?" தானே. அதைச் சும்மா கேட்டுட்டு நகராம, பதில் வர்ற வரைக்கும் கொஞ்சம் நில்லுங்க.

எங்க தப்பைப் பொறுத்துக்கோங்க. எல்லாருக்கும் பிள்ளையார் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சமையல்கட்டுத் தொண்டூழியர்கள்

பி.கு. பெரிய அண்டா இன்னும் வரலை. எடுத்துட்டுப் போனவங்க தயவு செய்து கொடுத்துடுங்க.